நிலக்கரிக் கொட்டகையில் மலர்ந்த கலை

கைப்பேசியைத் தொட்டவுடன் படம் பதிவாகும் காலம் இது. ஏறத்தாழ 160 ஆண்டுகளுக்கு முன்பு நிலைமை அவ்வாறில்லை. புகைப்படம் எடுக்க விரும்புபவர் முதலில் ஓர் இருட்டறையை அமைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. தம் வீட்டு நிலக்கரிக் கொட்டகையையே இருட்டறையாக்கி, உலகம் போற்றும் கலைஞராக உயர்ந்தவர் ஜூலியா மார்கரெட் கேமரன் அம்மையார்.

இவர் 1815ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தார். இவருடைய தந்தையார் கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரி. 1838ஆம் ஆண்டில் சார்ல்ஸ் ஹே கேமரன் என்னும் சட்ட அறிஞரை மணந்தார். பத்து ஆண்டுகளுக்குப் பின் குடும்பத்தினர் இங்கிலாந்துக்குச் சென்றனர். 1860இல் வைட் தீவில் குடியேறினர். கணவருக்கு இலங்கையில் காப்பித் தோட்டங்கள் இருந்தன. அவற்றின் நினைவாகவே அவர்களின் வீடு ‘டிம்போலா’ எனப் பெயர் பெற்றது.

1863ஆம் ஆண்டு இறுதியில் கணவர் இலங்கைக்குச் சென்றிருந்தார். தாயின் தனிமையைப் போக்க எண்ணிய மகளும் மருமகனும் ஒரு புகைப்படக் கருவியைப் பரிசளித்தனர். அப்போது அம்மையாருக்கு வயது 48. அக்கலையைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. ஆயினும் அவர் தயங்கவில்லை. நிலக்கரிக் கொட்டகை இருட்டறையாயிற்று. கண்ணாடி பதித்த கோழிக்கூடு, வெளிச்சம் மிகுந்த படப்பிடிப்புக் கூடமாயிற்று.

இருட்டறை வேலை எளிதன்று. கண்ணாடித் தகட்டின் மீது கொலோடியன் என்னும் பசைக் கரைசலைச் சீராக ஊற்றிப் பரப்ப வேண்டும். பின்னர் அதனை வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் அமிழ்த்த வேண்டும். அப்போதுதான் தகடு ஒளியை உணரும் தன்மை பெறும். அதன்மீது வேண்டாத வெளிச்சம் பட்டால் படம் பாழாகிவிடும். தகடு உலர்வதற்குள் படம் எடுத்து, உடனே இருட்டறைக்குத் திரும்பி உருவத்தை வெளிக்கொணர வேண்டும். பிறகு பலமுறை நீரால் கழுவ வேண்டும். அந்நீரையும் கிணற்றிலிருந்தே கொண்டுவர வேண்டியிருந்தது. வெள்ளி நைட்ரேட்டு கைகளையும் ஆடைகளையும் கறுக்கச் செய்தது. உருவத்தை நிலைநிறுத்தப் பயன்பட்ட பொட்டாசியம் சயனைடோ கொடிய நஞ்சு. சிறு கவனக்குறைவும் உயிருக்கு ஆபத்தாகலாம்.

தொடக்கத்தில் தோல்வியே கிட்டியது. கூலி கொடுத்து அமரவைத்த விவசாயி ஒருவரின் படத்தை, ஈரமான தகட்டின் மீது கைபட்டதால் அவரே அழித்துவிட்டார். எனினும் முயற்சியைக் கைவிடவில்லை. 1864 ஜனவரியில் ஆனி என்னும் சிறுமியின் படம் நன்றாக அமைந்தது. அதுவே தமது முதல் வெற்றி என அவர் பூரித்துப்போனார்.

அவருடைய படங்கள் தெளிவற்றவை, கறையும் கீறலும் உடையவை என்று புகைப்பட இதழ்கள் குறை கூறின. அம்மையார் தம் வழியை மாற்றிக்கொள்ளவில்லை. கூர்மையான கோடுகளைவிட, முகத்தில் வெளிப்படும் உணர்வே அவருக்கு முதன்மையாகத் தோன்றியது. 1865ஆம் ஆண்டில் லண்டன் சவுத் கென்சிங்டன் அருங்காட்சியகம் அவருடைய படங்களை வாங்கிக் காட்சிக்கு வைத்தது. கவிஞர் டென்னிசன், வானியல் அறிஞர் ஜான் ஹெர்ஷல், உயிரியல் அறிஞர் சார்ல்ஸ் டார்வின் ஆகியோரின் முகங்கள் அவருடைய படங்களில் நிலைபெற்றன.

1875ஆம் ஆண்டில் தம்பதியர் இலங்கையில் குடியேறினர். ஜொகூரின் தோட்டங்களுக்குப் பிற்காலத்தில் தமிழர்கள் கடல் கடந்து வந்ததைப் போலவே, அக்காலத்தில் இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கும் தமிழகத்திலிருந்து தொழிலாளர்கள் சென்றிருந்தனர். வெப்பம் மிகுந்த அந்நாட்டில் ஈரத் தகட்டைக் கையாள்வது கடினம். அவ்வாறிருந்தும் தோட்டத் தொழிலாளர்களை அவர் படமெடுத்தார். அறிஞர்களை நோக்கிய அதே கருவி, பெயர் அறியப்படாத உழைப்பாளிகளையும் நோக்கியது. அவர்களின் பெயர்கள் ஏட்டில் இடம்பெறவில்லை. முகங்கள் மட்டும் இன்றும் நம்மைப் பார்க்கின்றன.

1879ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள் அம்மையார் இலங்கையில் காலமானார். பொகவந்தலாவை தேவாலய வளாகத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். அவர் எடுத்தவற்றுள் ஆயிரத்திற்கும் மேற்பட்ட படங்கள் இன்று அறியப்படுகின்றன. வசதியான கூடமும் இல்லாமல், கற்றுத்தரும் ஆசிரியரும் இல்லாமல், ஐம்பதை நெருங்கும் வயதில் அவர் தொடங்கிய பணி அது. கிடைத்த இடத்தில், கிடைத்த பொருளைக்கொண்டு, பிழைத்துப் பிழைத்துக் கற்றவருக்குக் கலை வசப்படும் என்பதற்கு அந்தக் கரிக்கொட்டகையே சான்று.