தளபதி திம்மய்யாவும் நாம் பட்ட கடனும்

பிரேசர் டவுனில் வாழும் தமிழ் மக்களுக்கு இராணுவம் புதியதன்று. 1780-ஆம் ஆண்டு சென்னை இராஜதானியிலே தோன்றிய மதராஸ் சாப்பர்ஸ் படை, 1830-களில் பெங்களூருக்குக் குடிபெயர்ந்து அல்சூர் ஏரிக்கரையில் நிலைபெற்றது. அப்படையைத் தொடர்ந்து தண்டுப் பகுதிக்கு வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பலப்பல. பாட்டனோ மாமனோ சித்தப்பனோ சீருடை அணிந்தார் என்று சொல்லத்தக்க இல்லங்கள் நம் தெருக்களில் இன்றும் இருக்கின்றன. ஆயினும் அவர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடனை எண்ணிப் பார்க்கின்றோமா? இவ்வினாவை முன்வைத்தே, நம் பெங்களூர் மண்ணில் துயிலும் தளபதி திம்மய்யா அவர்களின் வரலாற்றைச் சங்கத்தின் ஆண்டுவிழா மலரில் எழுத முற்படுகின்றோம். அவர் தமிழரல்லர், குடகர். ஆயினும் தமிழர் வெட்டிய பாதையிலே சென்று வெற்றி கண்டவர் என்பதை அன்பர்கள் போகப் போக அறிவார்கள்.

கோதண்டேர சுப்பய்யா திம்மய்யா 1906-ஆம் ஆண்டு மார்ச்சு 31-ஆம் நாள் குடகு நாட்டின் மடிக்கேரியிலே காப்பித் தோட்டக் குடும்பமொன்றில் பிறந்தார். குன்னூரிலும், பின்னர் பெங்களூர் பிஷப் காட்டன் பள்ளியிலும் பயின்றார். 1922-இல் டேராடூனில் நிறுவப்பெற்ற இராணுவக் கல்லூரியில் சேர்ந்து தேறி, இங்கிலாந்திலுள்ள சாண்டர்ஸ்டு சென்று, 1926-இல் அதிகாரிப் பதவி பெற்றார். பின்னர் ஹைதராபாத் ரெஜிமெண்டிலே பணியாற்றினார். அந்த ரெஜிமெண்டே இன்று குமாவோன் ரெஜிமெண்ட் என வழங்குகிறது.

அந்நாளில் இந்திய அதிகாரியின் நிலை எளிதானதன்று. வெள்ளையர் சிலர் அவனைச் சமமாக மதியார்; நாட்டு மக்களோ அந்நியனுக்கு ஊழியம் செய்பவன் என்று ஐயுறுவர். இவ்விரு தலைக் கொள்ளியிடையே தவித்த இளைஞர் திம்மய்யா, பதவியைத் துறந்துவிடலாமோ என்று மோதிலால் நேருவிடமே யோசனை கேட்டதாகவும், விடுதலை பெற்ற நாட்டுக்குப் பயிற்சி பெற்ற அதிகாரிகள் வேண்டுமென்று கூறி அப்பெரியார் அவரைத் தடுத்ததாகவும் சொல்லுவர். 1935-இல் குவெட்டா நகரைப் பூகம்பம் அழித்தபோது, மணமாகிச் சில திங்களே ஆன அவருடைய துணைவியார் நீனா அம்மையார், துயருற்றோர்க்குத் தொண்டு புரிந்து பதக்கம் பெற்றார்.

இரண்டாம் உலகப் போரில் பர்மாவின் அரக்கான் பகுதியிலே படைப்பிரிவொன்றை நடத்திப் பெரும்புகழ் எய்தினார். 1945-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கங்காவ் என்னுமிடத்தில் நடந்த கடும்போரில் திம்மய்யா, தோரட், சென் என்ற இந்தியர் மூவர் தத்தம் படைகளைத் தலைமை தாங்கி நடத்தினர். இந்தியனுக்குத் தலைமை தாங்கும் ஆற்றல் இல்லை என்ற பேச்சு அங்கே புதையுண்டது. அவ்வாண்டிலேயே ஒரு பிரிகேடுக்குத் தலைவராக உயர்ந்தார்.

நாடு விடுதலை பெற்றதும் காசுமீரப் போர் மூண்டது. 1948-ஆம் ஆண்டு மே மாதம், விமானப் படை அதிகாரி மெஹர் சிங் இமயத்தைக் கடந்து லே நகரிலே விமானத்தை முதன்முறையாக இறக்கியபோது, உடன் சென்றவர் திம்மய்யா. செப்பனிட்ட ஓடுதளமும் இல்லாத, 10,000 அடிக்கு மேற்பட்ட உயரத்திலுள்ள மணற்பரப்பு அது. எனினும் வான்வழியாக மட்டும் லடாக்கைக் காத்தல் இயலாது. நிலவழியோ சோஜிலா கணவாயிலே பகைவரால் அடைபட்டிருந்தது. செப்டம்பரில் நிகழ்ந்த தாக்குதல் பலிக்கவில்லை. பனிக்காலமும் நெருங்கியது.

டாங்கிகளை அக்கணவாயின்மேல் ஏற்றிவிடுவதென்று அப்போது முடிவாயிற்று. சுமார் 11,500 அடி உயரத்துக்கு, கோவேறு கழுதை செல்லும் ஒற்றையடிப் பாதையில் டாங்கி ஏறுவது எங்ஙனம்? அதற்குப் பாதை சமைத்தவர்கள் நம் மதராஸ் சாப்பர்ஸ் வீரர்கள். மேஜர் தங்கராஜு முதலியோரின் கீழ், பகைவரின் குண்டுகள் பாயும் மலைச்சரிவிலே, தென்னாட்டு வெப்பத்தில் பிறந்து வளர்ந்த அத்தம்பிகள் (இராணுவத்தார் அவர்களை அன்போடு அழைக்கும் பெயர் அதுவே) பாறையைப் பிளந்து பால்தாலிலிருந்து வழியை அகலப்படுத்தினர். ஜம்முவிலிருந்து டாங்கிகளின் மேற்கூடுகளைக் கழற்றி, ஒற்றர் அறியாவண்ணம் கொண்டுவந்து சேர்த்தனர். நவம்பர் முதல் நாள் பனி பொழிய, ஏழாம் குதிரைப்படையின் டாங்கிகள் கணவாய்க்குள் புகுந்தன. படைத்தலைவராகிய திம்மய்யா பின்னால் நிற்கவில்லை. முன்சென்ற டாங்கியிலே தாமும் அமர்ந்து சென்றார். அத்தனை உயரத்தில் டாங்கி வருமென்று கனவிலும் எண்ணாத பகைவர் கலைந்தோடினர். அம்மாதத்துக்குள் திராஸும் கார்கிலும் மீண்டன. லே நகரத்துக்கு வழி திறந்தது.

வெற்றியின் புகழ் தளபதிக்கு உரியதாயிற்று; அதில் தவறொன்றுமில்லை. ஆனால் உறைபனியில் விரல் மரத்துப்போகக் கடப்பாரை பிடித்தவர்களின் பெயர்களில் எத்தனை நமக்குத் தெரியும்? அவர்களுட் பலர் ஓய்வு பெற்றுத் தம் ஊர் சென்று, யாருமறியாமல் வாழ்ந்து மறைந்திருப்பர். நம் தெருக்களிலும் சிலர் வாழ்ந்திருக்கலாம்.

1953-இல் கொரியப் போர் ஓய்ந்ததும், தாயகம் திரும்ப மறுத்த 22,000-க்கும் மேற்பட்ட போர்க்கைதிகளின் பொறுப்பை ஏற்ற நடுநிலை நாடுகளின் ஆணைக்குழுவுக்குத் திம்மய்யா தலைவரானார். இருபுறமும் சினந்து நின்ற வல்லரசுகளுக்கிடையே நேர்மை வழுவாது கடமையாற்றினார். 1954-இல் பத்மபூஷண் விருது அவரை அடைந்தது. 1957 மே மாதம் இராணுவத் தலைமைத் தளபதியானார். 1959-இல் பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனனோடு கருத்து மாறுபட்டுப் பதவி விலகல் கடிதம் கொடுத்து, பிரதமர் நேருவின் வேண்டுகோளுக்கிணங்கி அதனைத் திரும்பப் பெற்றார். அதனால் அவர் மீதும் குறை கூறினோர் உளர். 1961-இல் ஓய்வு பெற்றார். அடுத்த ஆண்டே சீனப்படை எல்லை கடந்தது.

1964-இல் ஐக்கிய நாடுகள் சபை அவரைச் சைப்ரஸ் தீவின் அமைதிப்படைக்குத் தலைவராக்கியது. கிரேக்கரும் துருக்கியரும் பகைத்து நின்ற அத்தீவிலே இரு சாராரின் மதிப்பையும் பெற்றார். 1965-ஆம் ஆண்டு டிசம்பர் 18-ஆம் நாள், பணியிலிருக்கும்போதே மாரடைப்பால் காலமானார். அவருடைய உடல் பெங்களூருக்குக் கொண்டுவரப்பெற்று ஈண்டு அடக்கமாயிற்று. மறு ஆண்டே சைப்ரஸ் அரசு அவர் உருவம் பொறித்த அஞ்சல்தலையை வெளியிட்டது. நம் நகரத்து ரிச்மண்டு சாலைக்கு அவர் பெயர் சூட்டப்பெற்றுள்ளது. மடிக்கேரியில் அவர் பிறந்த இல்லம் 2021-இல் நினைவகமாகத் திறக்கப்பெற்றது.

பெரியோர்க்கு நன்றி செலுத்த அஞ்சல்தலை உண்டு, சாலை உண்டு, நினைவகம் உண்டு. பெயரறியாத வீரர்க்கு? இங்கே எம் குற்றமொன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். யாம் இரயில்வேயில் பயணச்சீட்டு வழங்கும் ஊழியர். சில ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் மாலை, வரிசை நீண்டு கிடக்கையில், போரில் கணவனை இழந்த மூதாட்டி ஒருவர் சலுகைச் சீட்டு வேண்டி அட்டையை நீட்டினார். விண்ணப்பத்தில் ஓரிடம் நிரப்பப்படவில்லை. அதனை நிரப்பிக் கொடுக்க அரை நிமிடமே போதும். யாமோ அவரைக் கடிந்து, மறுநாள் வரும்படி சொல்லி அடுத்தவரை அழைத்தோம். அம்மையார் ஒன்றும் பேசாமல் அட்டையைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு சென்றார். மறுநாள் வரவில்லை; அதன்பின் யாம் அவரைக் கண்டதுமில்லை. சோஜிலாவின் வரலாற்றைப் படித்தபோது எம் கண்முன் நின்றது தளபதியின் டாங்கி அன்று. அந்தச் சேலை முடிச்சே.

அன்றுமுதல், படைவீரரின் வாரண்டோ, போர் விதவையின் அட்டையோ எம் பலகணிக்கு வந்தால், எழுந்து நின்று வாங்கி, குறையிருந்தால் யாமே நிரப்பிக் கொடுத்து வருகின்றோம். இது பெருமையன்று, பழைய கடனுக்குச் செலுத்தும் சிறு வட்டி.

வள்ளுவர் செய்ந்நன்றியறிதலுக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார். அதனை நம் குழந்தைகள் மேடையேறி ஒப்பிக்கின்றனர். நாம் கைதட்டி மகிழ்கின்றோம். 1949 முதல் ஆண்டுதோறும் டிசம்பர் 7-ஆம் நாள் படைவீரர் கொடிநாள் வருகிறது. அன்று திரட்டும் நிதி, ஓய்வு பெற்ற வீரர்க்கும் வீரரின் விதவையர்க்கும் பயன்படுவது. சங்கத்து அன்பர்கள் அந்நாளில் கொடி வாங்குவதோடு நில்லாமல், தம் தெருவிலுள்ள முதிய வீரர் ஒருவரின் வீட்டுக்குக் குழந்தைகளுடன் சென்று, ஒரு நாழிகை அமர்ந்து அவர் கதையைக் கேட்டு வருவார்களாயின், அதுவே சிறந்த நன்றியாகும். அவருக்கு ஓய்வூதியத் தாளோ மருத்துவமனைப் படிவமோ நிரப்ப வேண்டியிருந்தால், நம் பிள்ளைகளின் கைகள் அதற்கு உதவட்டும்.

தளபதி திம்மய்யாவின் புகழ் ஓங்குக! அவருக்கு வழி வெட்டிய தம்பிகளின் புகழும் ஓங்குக!