விடுதி அறையில் ஓர் எழுத்தாளர்

வில்லியம் சாமர்செட் மாம் ஆங்கில எழுத்தாளர். ஆயினும் அவர் பிறந்தது பாரிஸில். முதலில் பேசிய மொழி பிரெஞ்சு. 1874ஆம் ஆண்டு ஜனவரி 25ஆம் நாள், பாரிஸிலுள்ள பிரிட்டிஷ் தூதரகக் கட்டடத்திலேயே அவர் பிறந்தார். அவருடைய தந்தை அத்தூதரகத்தின் சட்ட அலுவல்களைக் கவனித்துவந்த வழக்கறிஞர். பிரெஞ்சு மண்ணில் பிறக்கும் ஆண்பிள்ளைகள் பிற்காலத்தில் அந்நாட்டுப் படையில் சேர நேரிடலாம் என்ற அச்சம் அப்போது நிலவியது. தூதரகத்துக்குள் பிறந்தால் அது பிரிட்டிஷ் மண்ணில் பிறந்ததாகக் கருதப்படும் என்பதால் இந்த ஏற்பாடு.

மாமுக்கு எட்டு வயது நிறைந்த ஆறாம் நாள் தாயார் காசநோயால் இறந்தார். பத்தாவது வயதில் தந்தையையும் இழந்தார். இங்கிலாந்தின் கென்ட் பகுதியில், விட்ஸ்டபிள் என்னும் சிற்றூரில் பாதிரியாராக இருந்த சிற்றப்பாவின் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். அன்பாகப் பேசத் தெரியாத வீடு அது. கேன்டர்பரியிலிருந்த கிங்ஸ் பள்ளியில் அவருடைய பிரெஞ்சு கலந்த ஆங்கிலத்தைக் கேட்டு மற்றச் சிறுவர்கள் சிரித்தார்கள். போதாக்குறைக்குத் திக்குவாயும் சேர்ந்துகொண்டது. வகுப்பில் எழுந்து நின்றால் முதற்சொல்லே வெளிவராது. அந்தத் திக்கல் தொண்ணூறு வயதைத் தாண்டியும் அவரை விட்டு நீங்கவில்லை. தாயாரின் நிழற்படத்தையும் அவர் கடைசி வரை தம் கட்டிலருகிலேயே வைத்திருந்தார்.

இலண்டனில் புனித தாமஸ் மருத்துவமனையில் பயின்று 1897ஆம் ஆண்டில் மருத்துவராகத் தேறினார். பயிற்சிக் காலத்தில் லாம்பெத் வட்டாரத்து ஏழைகளின் வீடுகளுக்குப் பிரசவம் பார்க்கச் செல்ல வேண்டியிருந்தது. அங்கே கண்டதையும் கேட்டதையும் கொண்டு எழுதிய முதல் நாவல் அதே ஆண்டில் வெளிவந்து நன்றாக விற்றது. அதன் பிறகு அவர் மருத்துவத் தொழிலைத் தொடரவில்லை. பத்தாண்டுகள் வறுமையோடு போராடினார். 1908ஆம் ஆண்டிலோ இலண்டன் அரங்குகளில் ஒரே சமயத்தில் அவருடைய நான்கு நாடகங்கள் நடந்துகொண்டிருந்தன. பேச நாவெழாத ஒருவர் மேடையில் பிறரைப் பேச வைத்தே புகழ் பெற்றார்.

முதல் உலகப் போருக்குப் பின் மாம் கீழை நாடுகளுக்குப் பயணம் செய்யத் தொடங்கினார். சிங்கப்பூருக்கும் மலாயாவுக்கும் முதன்முதலில் வந்தது 1921ஆம் ஆண்டு. ஆர்மீனிய இனத்தவரான சார்க்கீஸ் சகோதரர்கள் 1887ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் தொடங்கிய ராஃபிள்ஸ் ஹோட்டல் அப்போதே புகழ் பெற்றிருந்தது. அதன் தோட்டத்தில், அரளி வகை மரமொன்றின் நிழலில் அமர்ந்து மாம் காலை முழுவதும் எழுதினார் என்று இன்றும் சொல்வார்கள். எங்கே தங்கினாலும் காலை நேரத்தை எழுதுவதற்கே ஒதுக்குவது அவர் வழக்கம் என்பது மட்டும் உறுதி.

அவருக்குத் தங்கும் விடுதி என்பது வெறும் படுக்கையும் சாப்பாடும் அல்ல. கப்பலுக்குக் காத்திருப்பவர், தோட்டத்திலிருந்து நகருக்கு வந்தவர், ஊருக்குத் திரும்ப மனமில்லாதவர் எனப் பலரும் அங்கே கூடினர். மாமின் செயலாளர் ஜெரால்ட் ஹாக்ஸ்டன் யாரோடும் எளிதில் பழகக்கூடியவர். அவர் பேச்சுக் கொடுப்பார், மாம் கேட்டுக்கொண்டிருப்பார். இனி ஒருபோதும் சந்திக்கப்போவதில்லை என்று நினைத்து, சொந்த ஊராரிடம் சொல்லாததையெல்லாம் அந்த மனிதர்கள் இந்த விருந்தாளியிடம் கொட்டினார்கள்.

அப்படிக் கேட்டவற்றுள் ஒன்று கோலாலம்பூரில் 1911ஆம் ஆண்டு நடந்த கொலை வழக்கு. பள்ளித் தலைமையாசிரியர் ஒருவரின் மனைவி, தம் வீட்டு வராந்தாவில் ஈயச் சுரங்க நிர்வாகி ஒருவரைச் சுட்டுக் கொன்றார். அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. பின்னர் சிலாங்கூர் சுல்தான் மன்னிப்பு வழங்கினார். மாம் இதில் தம் கற்பனையைச் சேர்த்து, களத்தைச் சிங்கப்பூருக்கு மாற்றி, ‘கடிதம்’ என்னும் கதையாக எழுதினார். சரவாக்கில் ஆற்றில் திடீரென எழும் பேரலையில் படகு கவிழ்ந்து அவரே சாவின் விளிம்பு வரை சென்று மீண்டதும் இன்னொரு கதையாயிற்று. 1926ஆம் ஆண்டில் இவை ‘சவுக்கு மரம்’ என்ற பொருள்படும் தலைப்பில் நூலாக வந்தபோது மலாயாவில் கோபம் கிளம்பியது. வீட்டில் இடமும் கொடுத்து, உணவும் கொடுத்து, மனம் விட்டும் பேசினோம். அதையெல்லாம் அச்சேற்றிவிட்டாரே என்று அங்கிருந்த ஆங்கிலேயர்கள் பொருமினர். அவர்களுடைய வருத்தம் நியாயமற்றது என்று தள்ளிவிட முடியாது. ஆனால் அந்த விருந்தாளி இல்லாவிட்டால் அந்தக் கால வாழ்க்கையின் ஒரு பக்கம் நமக்குத் தெரியாமலே போயிருக்கும்.

மற்றொரு பக்கம் அவர் கதைகளில் இல்லை. ரப்பர்த் தோட்டங்களில் விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டிய தமிழர்கள் அவற்றில் ஓரமாக வந்து போகிறார்கள். அவர்களுக்கென்று ஒரு கதை இல்லை. அவர் தங்கிய விடுதிகளின் முன்கூடத்தில் அவர்களுக்கு இடமில்லை என்பதும் அதற்கு ஒரு காரணம்.

விடுதி வாழ்க்கையே அவருக்கு எமனாக இருந்த ஒரு சமயமும் உண்டு. 1920களின் தொடக்கத்தில் அவர் பர்மாவுக்குச் சென்றார். இரங்கூனிலிருந்து மாண்டலே; அங்கிருந்து ஷான் மலைநாட்டின் வழியே குதிரைகளோடும் கோவேறு கழுதைகளோடும் கெங்துங் வரை பல வாரப் பயணம்; பிறகு சயாம். பேங்காக் நகரை அடைந்தபோது உடலில் மலேரியாவும் வந்து சேர்ந்தது.

சாவ் பிரயா ஆற்றங்கரையிலுள்ள ஓரியண்டல் ஹோட்டலில் அறை எடுத்தார். மாலுமிகளுக்கும் வணிகர்களுக்கும் பழக்கமான பழைய விடுதி அது. ஜோசப் கான்ராட் என்னும் மற்றோர் எழுத்தாளர், இளங்கப்பற்தலைவராக 1888ஆம் ஆண்டில் பேங்காக்கிற்கு வந்தபோதும் அது இருந்தது. அறைக்கு வெளியே வராந்தா. அதற்கப்பால் படகுகள் ஓயாத ஆறு. மாம் அவற்றைப் பார்க்கும் நிலையில் இல்லை. காய்ச்சல் 105 பாரன்ஹீட் பாகைக்கு ஏறியது. கொய்னா கொடுத்தும் முதலில் இறங்கவில்லை. அரைமயக்கத்தில் கிடந்தவரின் காதில் ஒருநாள் வெளியே நடந்த பேச்சு விழுந்தது. விடுதியை நடத்திவந்த அம்மையார் மருத்துவரிடம் பேசிக்கொண்டிருந்தார். இவர் இங்கேயே இறந்துபோனால் விடுதியின் பெயர் கெட்டுவிடும், ஆகவே மருத்துவமனைக்குக் கொண்டுபோய்விடுங்கள் என்பது அவர் கோரிக்கை. ஓரிரு நாள் பொறுத்துப் பார்க்கலாம் என்றார் மருத்துவர். அந்த ஓரிரு நாளில் காய்ச்சல் இறங்கியது.

தாய்மொழி பேசுவார் யாரும் அருகில் இல்லாத ஊரில், பணம் கொடுத்து எடுத்த அறையிலும் தமக்குச் சாக உரிமையில்லை என்று கேட்க நேர்ந்தால் யாருக்கும் கசப்பு வரும். மாம் பின்னர் 1930ஆம் ஆண்டில் வெளியிட்ட பயண நூலில் அதை வேடிக்கையாகவே எழுதினார். எழுந்து உட்காரத் தெம்பு வந்தபின் ஆற்றைப் பார்த்துக்கொண்டு வெறுமனே இருந்த நாட்களைப் பற்றியும் சொல்லி, அவற்றோடு சேர்த்துச் சிறுவர் கதை ஒன்றையும் கூறுகிறார். சயாம் அரசனின் இளைய மகளிடம் ஒரு பாடும் பறவை தானாகவே வந்து பழகுகிறது. அது பறந்துபோய்விடுமோ என்று அஞ்சி அவள் அதைப் பொற்கூண்டில் அடைக்கிறாள். பறவை பாடுவதை நிறுத்தி, உணவையும் மறுத்து மெலிகிறது. கடைசியில் அழுதுகொண்டே அவள் கூண்டைத் திறந்துவிடுகிறாள். பறவை விரும்பிய போதெல்லாம் வந்து பாடுகிறது. இரக்கமில்லாதவர் என்று பலர் குறை கூறிய எழுத்தாளரின் நூலில் இப்படியும் ஒரு கதை.

1938ஆம் ஆண்டில் இந்தியாவில் பயணம் செய்தபோது மாம் திருவண்ணாமலைக்கும் சென்றார். இரமண மகரிஷியைச் சந்திக்கும் முன்பே வெயிலும் களைப்பும் சேர்ந்து மயங்கி விழுந்தார். அவர் படுத்திருந்த குடிலுக்கு இரமணரே வந்து, பேசாமல் சிறிது நேரம் அமர்ந்திருந்தார். மாம் தியானத்தில் ஆழ்ந்துவிட்டார் என்று பின்னர் ஊரெங்கும் பேச்சுப் பரவியது. தமக்கு வந்தது வெறும் மயக்கமே, அது முன்பும் வந்ததுண்டு என்று அவர் மறுத்தார். ஆயினும் அந்தச் சந்திப்பு மனத்தில் தங்கியது. 1944ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய புகழ்பெற்ற நாவலில், போரில் மனம் நொந்த அமெரிக்க இளைஞன் ஒருவன் இந்தியாவில் ஒரு ஞானியைத் தேடி வருகிறான்.

பிரான்சின் தென்கடற்கரையில் பெரிய மாளிகை வாங்கி வாழ்ந்தபோதும் மாமின் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. 1959ஆம் ஆண்டில், 85 வயதில், மீண்டும் கீழை நாடுகளுக்குப் புறப்பட்டுச் சிங்கப்பூருக்கும் வந்தார். ஒரு காலத்தில் அவரை வெளியேற்ற நினைத்த பேங்காக் விடுதி பிற்காலத்தில் ஓர் அறைத்தொகுதிக்கே அவர் பெயரைச் சூட்டியது.

1965ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் மாம் நீஸ் நகரில் காலமானார். அவருடைய சாம்பல் இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு, கேன்டர்பரியிலுள்ள கிங்ஸ் பள்ளியில், அவர் தம் புத்தகங்களை வழங்கிய நூலகத்தின் அருகே தூவப்பட்டது.