நினைவைப் போற்றிய நெஞ்சம்: அன்னை உம்மு ஸலமா (ரலி)

மூமின்களின் அன்னையர் என்று திருமறை சிறப்பித்துக் கூறும் நாயகத் துணைவியருள் எல்லோருக்கும் இறுதியாக வபாத்தானவர்கள் அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்கள். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மறைந்த பின் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் மதீனாவில் வாழ்ந்த அப்பெருமாட்டியை நாடி மார்க்க விளக்கம் கேட்க மக்கள் வந்தவண்ணம் இருந்தனர். தாம் கண்டதையும் கேட்டதையும் வாழ்ந்ததையுமே அன்னையார் அவர்களுக்கு எடுத்துரைத்தார்கள். அந்நினைவுகளில் நாயகம் (ஸல்) அவர்களோடு, முன்னர்த் தம்மை மணந்திருந்த அபூஸலமா (ரலி) அவர்களும் நீங்கா இடம் பெற்றிருந்தார்கள்.

இல்லறமும் ஈமானும்

அன்னையாரின் இயற்பெயர் ஹிந்த். குறைஷியரின் மக்ஸூம் குலத்தில் தோன்றியவர்கள். தந்தையார் அபூ உமைய்யா பெரும் கொடைவள்ளல். அவருடன் பயணம் செல்வோர் கட்டுச்சோறு எடுத்துச் செல்ல வேண்டியதில்லை; அனைவருக்கும் அவரே உணவளிப்பார். கணவர் அபூஸலமா (ரலி) அவர்களோ நாயகம் (ஸல்) அவர்களின் அத்தை மகனும் பால்குடிச் சகோதரரும் ஆவார்கள்.

இஸ்லாத்தின் தொடக்க நாட்களிலேயே இத்தம்பதியர் கலிமாவை ஏற்றனர். மக்கத்துக் கொடுமை தாளாமல் அபிசீனியாவுக்கு ஹிஜ்ரத் சென்றனர். அங்கே நஜ்ஜாஷி மன்னரின் அவையில் ஜஃபர் (ரலி) அவர்கள் ஆற்றிய புகழ்பெற்ற உரை இன்று நமக்குக் கிடைத்திருப்பதும் பெரிதும் அன்னையாரின் அறிவிப்பினாலேயே ஆகும்.

பிரிவுத் துயர்

மக்கா திரும்பிய பின், மதீனா செல்ல இருவரும் முடிவு செய்தனர். மனைவியையும் கைக்குழந்தை ஸலமாவையும் ஒட்டகத்தின் மீதேற்றி அபூஸலமா (ரலி) அவர்கள் புறப்பட்டார்கள். அன்னையாரின் குலத்தார் வழிமறித்து, தங்கள் பெண்ணை அனுப்ப முடியாது என்று பிடித்துக்கொண்டனர். சினமுற்ற அபூஸலமா (ரலி) அவர்களின் குலத்தாரோ குழந்தை தங்களுக்கே உரியது என்று பிடித்து இழுத்தனர். அந்த இழுபறியில் பிஞ்சுக் கரம் மூட்டு பிசகியது. கணவர் மதீனாவிலும், மகன் தந்தை குலத்தாரிடமும், தாய் தன் குலத்தாரிடமுமாக ஒரே நாளில் அக்குடும்பம் மூன்றாகப் பிரிந்தது.

அன்று முதல் ஒவ்வொரு நாளும் காலையில் அப்தஹ் என்னும் வெளிக்குச் சென்று, மாலை வரை அன்னையார் அழுதுகொண்டிருப்பார்கள். ஓராண்டு அளவுக்கு இவ்வாறு கழிந்தது. இறுதியில் உறவினர் ஒருவர் இரங்கிப் பரிந்து பேசவே, அன்னையாருக்கு விடுதலை கிடைத்தது. மகனும் திரும்பக் கிடைத்தான். குழந்தையை மடியிலேந்தித் தன்னந்தனியாக மதீனா நோக்கிப் புறப்பட்டார்கள்.

மக்காவுக்கு அருகிலுள்ள தன்ஈம் என்னுமிடத்தில் உஸ்மான் இப்னு தல்ஹா எதிர்ப்பட்டார். அப்போது அவர் இஸ்லாத்தை ஏற்றிருக்கவில்லை. எனினும் துணையின்றிச் செல்லும் பெண்ணை விட்டுவிட அவருக்கு மனம் வரவில்லை. ஒட்டகத்தின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தே வந்தார். தங்குமிடம் வந்தால் ஒட்டகத்தை மண்டியிடச் செய்து விலகி நிற்பார். அன்னையார் இறங்கியபின் அதனைக் கட்டிவிட்டுத் தூரத்து மரத்தடியில் படுத்துக்கொள்வார். குபா சிற்றூர் தென்பட்டதும், கணவர் அங்கேதான் இருக்கிறார் என்று கூறி, வந்த வழியே திரும்பிச் சென்றார். அவரைப் போன்ற கண்ணியமான வழித்துணையைக் கண்டதில்லை என்று அன்னையார் பிற்காலத்தில் நன்றியோடு நினைவுகூர்ந்தார்கள்.

கணவர் கற்பித்த துஆ

மதீனா வாழ்வு நெடிது நீடிக்கவில்லை. பத்ருப் போரில் பங்கேற்ற அபூஸலமா (ரலி) அவர்கள், ஹிஜ்ரி 3இல் உஹதுப் போரில் காயமுற்றார்கள். ஆறியது போலத் தோன்றிய காயம் மீண்டும் திறந்துகொள்ள, ஹிஜ்ரி 4இல் வபாத்தானார்கள். நாயகம் (ஸல்) அவர்களே வந்து, திறந்திருந்த கண்களை மூடி, அவர்களின் மறுமைக்காகவும் அவர்கள் விட்டுச் சென்ற குடும்பத்துக்காகவும் துஆச் செய்தார்கள்.

துன்பம் நேரும்போது இறைவனிடமே மீளவேண்டியவர்கள் நாம் என்று கூறி, அத்துன்பத்திற்கு நற்கூலியையும், இழந்ததைவிடச் சிறந்ததையும் கேட்க வேண்டும் என்ற நாயக வாக்கை அபூஸலமா (ரலி) அவர்கள் முன்னரே மனைவிக்குச் சொல்லியிருந்தார்கள். அந்த துஆவை ஓத வந்தபோது அன்னையாரின் நாவு தயங்கியது. அபூஸலமாவைவிடச் சிறந்தவர் யார் இருக்க முடியும் என்று உள்ளம் கேட்டது. ஆயினும் ஓதினார்கள். அன்பு தயங்கிய இடத்தில் ஈமான் முன்னே நடந்தது.

இத்தா முடிந்ததும் அபூபக்கர் (ரலி), உமர் (ரலி) ஆகியோரிடமிருந்து மணத்தூது வந்தது, அன்னையார் இசையவில்லை. பின்னர் நாயகம் (ஸல்) அவர்களிடமிருந்தே தூது வந்தது. தமக்கு வயது சென்றுவிட்டதையும், குழந்தைகள் இருப்பதையும், ரோஷம் மிகுந்தவர் என்பதையும் அன்னையார் ஒளிக்காமல் எடுத்துரைத்தார்கள். தாம் அவரினும் மூத்தவர் என்றும், குழந்தைகள் அல்லாஹ்வின் பொறுப்பிலும் அவன் தூதரின் பொறுப்பிலும் உள்ளவர்கள் என்றும், ரோஷம் நீங்க துஆச் செய்வதாகவும் நாயகம் (ஸல்) அவர்கள் மறுமொழி அனுப்பினார்கள். அவ்வாண்டு ஷவ்வால் மாதத்தில் திருமணம் நிகழ்ந்தது.

அபூஸலமாவின் பிள்ளைகள் நாயகத்தின் மடியில் வளர்ந்தனர். உணவுத் தட்டில் இங்குமங்கும் கைவிட்ட சிறுவர் உமருக்கு, பிஸ்மில்லாஹ் சொல்லி, வலக்கையால், தமக்கு முன்னுள்ளதை உண்ணுமாறு அண்ணலார் கனிவோடு கற்பித்தார்கள். இன்று நம் வீடுகளில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் உணவு ஒழுக்கம் இந்தத் தந்தையற்ற சிறுவருக்குச் சொல்லப்பட்டதே. மகள் ஜைனப் மதீனாவின் மார்க்க அறிஞர்களுள் ஒருவராகத் திகழ்ந்தார்.

ஹிஜ்ரி 6இல் ஹுதைபிய்யாவில், மனமுடைந்திருந்த தோழர்கள் பலியிடவும் முடி களையவும் எழாதிருந்த வேளையில், எவரிடமும் பேசாமல் தாமே முதலில் செய்யுமாறு நாயகத்துக்கு யோசனை கூறியவர்களும் அன்னையாரே. அண்ணலார் அவ்வாறே செய்ய, தோழர்கள் அனைவரும் எழுந்து பின்பற்றினர்.

முதுமையின் செல்வம்

ஹிஜ்ரி 11இல் (கி.பி. 632) அன்னையார் இரண்டாம் முறையாகக் கணவரை இழந்தார்கள். நாயகம் (ஸல்) அவர்களின் திருமுடிகள் சிலவற்றை வெள்ளிச் சிமிழ் ஒன்றில் பேணி வைத்திருந்தார்கள். நோயுற்றோர் பரக்கத்தை நாடித் தண்ணீர்ப் பாத்திரம் அனுப்பிவைப்பார்கள். காண வந்தவர்களுக்கு அன்னையார் அம்முடிகளை எடுத்துக் காட்டியதும் உண்டு. அவர்கள் அறிவித்த நபிமொழிகள் 378 என்று கணக்கிடப்பட்டுள்ளது.

மேலே கண்ட பிரிவின் வரலாறு கொள்ளுப் பேரர் ஒருவர் வாயிலாக நமக்குக் கிடைத்துள்ளது. உமரின் பேரரான அவருக்குப் பெயரும் ஸலமா. அன்று தாயின் கையிலிருந்து பறிக்கப்பட்ட குழந்தையின் பெயரையே தாங்கிய பேரர், அக்கதையை உலகுக்கு அளித்திருக்கிறார். எண்பது வயதைக் கடந்து, ஹிஜ்ரி 61ஆம் ஆண்டு வாக்கில் வபாத்தான அன்னையார் ஜன்னத்துல் பகீயில் நல்லடக்கம் செய்யப்பட்டார்கள்.

மறுமணம் செய்த கைம்பெண் முதல் கணவரை மறந்துவிட்டாள் என்று பழிப்போர் நம்மிடையே இன்றும் உண்டு. அன்னையார் இறைத்தூதரையே மணந்தார்கள், அபூஸலமாவை மறக்கவில்லை, மறக்குமாறு நாயகம் (ஸல்) அவர்கள் கேட்கவும் இல்லை. அவ்வாறே, முதியோர் பழங்கதை பேசுகிறார்கள் என்று நம் பிள்ளைகள் எழுந்து போய்விடுவதும் உண்டு. ஒரு மூதாட்டியின் நினைவுகளைச் செவிதாழ்த்திக் கேட்டவர்களால்தான் தீனின் பெரும் பகுதி நம்மை வந்தடைந்திருக்கிறது. நம் வீட்டுத் திண்ணையிலும் முற்றத்திலும் அமர்ந்திருக்கும் உம்மாமார்களின் சொற்களைப் பொறுமையோடு கேட்போமாக. இழந்தோருக்கு ஆறுதலையும், பிரிந்தோருக்குச் சுவனத்தில் சந்திப்பையும் வல்ல அல்லாஹ் நல்குவானாக. ஆமீன்.