சிறை கண்ட சிறார் மருத்துவர்

டாக்டருக்கும் சிறைச்சாலைக்கும் என்ன தொடர்பு? இப்படிக் கேட்போருக்கு நாம் ஒரு பெயரைச் சொல்லுவோம் — ஏபிரகாம் ஜேக்கபி.

1830-ல் ஜெர்மனியின் வெஸ்ட்பேலியாவில், எளிய யூதக் குடும்பத்திலே பிறந்தவர். 1851-ல் பான் நகரில் மருத்துவப் பட்டம் பெற்றார். பட்டம் பெற்ற கைக்கு விலங்கும் வந்தது! 1848 புரட்சியின் கனலை நெஞ்சிலே தாங்கியவரல்லவா? 1852-ல் கொலோன் நகரில் கம்யூனிஸ்டுகள் மீது நடந்த வழக்கிலே கூண்டேறினார். அதிலே விடுதலை, ஆயினும் அரச நிந்தனை என்று கூறி மீண்டும் அடைத்தனர். 1853-ல் வெளியே வந்தார், கடல் கடந்தார், இங்கிலாந்தில் மார்க்சையும் எங்கெல்சையும் கண்டார், நியூயார்க் சேர்ந்தார்.

அங்கே உழைப்பாளர் குடியிருப்புகளில், கோடை வந்தால் குழந்தைகள் வயிற்றுப்போக்கால் மாண்டனர். மருத்துவ உலகமோ குழந்தையைக் குட்டி மனிதனாகவே கருதிற்று. பெரியவருக்கு ஒரு கரண்டி, பிள்ளைக்குக் கால் கரண்டி!

இந்தக் கணக்கை ஏற்க மறுத்தார் ஜேக்கபி. குழந்தை உடலுக்குத் தனி இயல்பு, தனி மருத்துவம் உண்டென்று போதித்தார். இன்றைய விஞ்ஞானம் அதனை எண்ணிக்கையோடு காட்டுகிறது. பெரியவர் உடலில் ஏறத்தாழ 60 விழுக்காடு நீர். பிறந்த குழந்தையிடம் ஏறத்தாழ 75. பெரியவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறார்; பச்சிளங்குழந்தை 30 முதல் 60 முறை. எடையை நோக்கத் தோலின் பரப்பும் அதிகம். சூடும் நீரும் விரைந்து வெளியேறும். மருந்தை மாற்றிக் கழிக்கும் ஈரலும் சிறுநீரகமும் முதிரவில்லை. தகப்பன் தாங்கும் பேதியைத் தொட்டில் குழந்தை தாங்குமா?

1860-ல் நியூயார்க் மருத்துவக் கல்லூரி, சிறார் நோய்க்கெனத் தனிப் பேராசிரியர் பதவி கண்டு அவரை அமர்த்திற்று. அமெரிக்காவில் அதுவே முதல். ஏழைப் பிள்ளைகளுக்குக் கட்டணமில்லா மருத்துவ நிலையம் நடத்தினார். பாலைக் காய்ச்சிக் கொடுங்கள் என வலியுறுத்தினார்.

1880-ல் டிப்தீரியா எனும் தொண்டை நோய் பற்றி நூல் எழுதினார். 1883-ல் அதே நோய் அவருடைய மகனைக் கொண்டுபோயிற்று! தாயும் மருத்துவர், தந்தையும் மருத்துவர்; தடுக்க மருந்தில்லை. அதன் நஞ்சை முறிக்கும் மருந்து 1890-களில்தான் பயனுக்கு வந்தது. மனம் உடைந்தது; பணி நிற்கவில்லை. சிறைக் கைதியாயிருந்தவர் 1912-ல் அமெரிக்க மருத்துவ சங்கத் தலைவரானார். 1919-ல் மறைந்தார்.

தோழர்களே! எல்லோருக்கும் ஒரே அளவென்பது சமத்துவமாகாது. எளியோனின் தேவையைத் தனியே அறிந்து தருவதே சமத்துவம். நமது மாத்திரையை உடைத்துப் பிள்ளைக்குப் பாதி கொடுக்கக் கை நீளும்போது, ஜேக்கபியை நினைப்போம். மருத்துவரிடம் பிள்ளையைத் தூக்கிச் செல்வோம்!