பேராசான் சுனீதிகுமார் சட்டர்ஜியும் பால்டிக் கரைப் பாடல்களும்

தமிழ் முதுகலை பயில்வோர் ஒப்பிலக்கணத் தாளுக்காகக் கால்டுவெல்லையும் பர்ரோவையும் எமனோவையும் புரட்டுங்கால், சுனீதிகுமார் சட்டர்ஜி என்னும் பெயர் அடிக்குறிப்புகளில் இரண்டொரு முறை தலைகாட்டி மறையும். வங்கமொழியின் வரலாற்றை வரைந்தவர் என்னும் அளவில் அவரை அறிந்து அமைந்துவிடுகிறோம். ஆரியர்தம் பழஞ்சமயத்தின் எச்சங்களை ஐரோப்பாவின் வடகிழக்குக் கடற்கரையில் எளிய உழவர் பாடிய நாலடிப் பாடல்களிற் கண்டு நெகிழ்ந்தவர் அவர். வேள்வித்தீயின் வழிவந்த தம் மரபை உளமார நேசித்தவர். அங்ஙனம் நேசித்தவரே, இந்நாட்டு வழிபாட்டின் பெரும்பகுதி ஆரியரல்லாதார் தந்தது என்றும் துணிந்து எழுதினார். இவ்விரண்டும் ஓர் உள்ளத்தே பகையின்றி அமைந்த பான்மையே, மும்மொழி வழங்கும் எல்லைப்புறத்தில் வாழும் நம் வட்டத்துப் பாவலர்க்கு அவர் வாழ்வை அணுக்கமாக்குகிறது.

அவர் 1890ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள் கல்கத்தாவை அடுத்த ஹௌராவின் சிவபூரில் பிறந்தார். தந்தையார் அரிதாசர் ஓர் எழுத்தர். குடும்பத்தில் செல்வம் இல்லை. மோத்திலால் சீல் இலவசப் பள்ளியில் பயின்று, ஸ்காட்டிஷ் சர்ச் கல்லூரி, மாநிலக் கல்லூரி ஆகியவற்றின் வழியே ஆங்கில இலக்கியத்தில் 1913இல் முதுகலைப் பட்டம் பெற்றார். ஆங்கிலம் கற்பிக்கப் புகுந்தவரை மொழியியல் ஈர்த்துக்கொண்டது. 1919இல் அரசின் உதவித்தொகை பெற்று இலண்டன் சென்று, டேனியல் ஜோன்ஸ் என்னும் ஒலியியல் மேதையிடம் பயின்று, 1921இல் முனைவர் பட்டம் பெற்றார். பின்னர்ப் பாரிசில் அந்துவான் மேயேயிடமும் ஜூல் பிளாக்கிடமும் பாடங் கேட்டார். இந்த பிளாக்கே பிற்காலத்தில் திராவிட மொழிகளின் இலக்கண அமைப்பைப் பற்றி நூல் எழுதியவர் என்பது தமிழ் மாணாக்கர் நினைவிற் கொள்ளத்தக்கது.

1922இல் தாயகம் மீண்டு கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் கைரா பேராசிரியராக அமர்ந்தார். முப்பது ஆண்டுகள் அப்பொறுப்பில் இருந்தார். 1926இல் வெளிவந்த வங்கமொழியின் தோற்றமும் வளர்ச்சியும் பற்றிய இரு தொகுதிகள் அவர் பெயரை நிலைநாட்டின. 1927இல் இரவீந்திரநாத தாகூருடன் மலேயா, சாவகம், பாலி, சயாம் ஆகிய நாடுகளைச் சுற்றிவந்தார். தாகூர் தம் மொழிநூல் ஒன்றை அவர்க்கே காணிக்கையாக்கினார். தம் புதினம் ஒன்றின் தலைவனைக் காதல் மலர்வதற்கு முன் மலைநகரொன்றில் சுனீதிகுமாரின் மொழிநூலைப் படித்துக்கொண்டிருப்பவனாகவும் காட்டினார். மொழியியல் நூலொன்று காதற்கதையில் இடம்பெற்றது வேறெங்கேனும் உண்டோ, அறியேன்.

இனி, அவருடைய பால்டிக் ஈடுபாட்டுக்கு வருவோம். ஒப்பியல் பயில்வார் எவரும் லித்துவேனிய மொழியைக் கடந்து செல்லவியலாது. வாழும் இந்தோ-ஐரோப்பிய மொழிகளுள் மிகப் பழைய வடிவங்களைக் காத்து வைத்திருப்பது அதுவே. நெருப்பை உக்னிஸ் என்பர். வடமொழியின் அக்னி அது. புகை தூமாய், நாம் தூமம் என்பது அதன் வடமொழி உடன்பிறப்பிலிருந்து வந்ததே. ஆடு அவிஸ், மகன் சூனுஸ், ஆடவன் வீரஸ், கடவுள் தியேவஸ். குளிர்காலத்துக்கு அங்கு வழங்கும் சொல்லும், பனியைக் குறிக்கும் ஹிமம் என்பதும் ஒரே வேரின. நம் புலவர் பாடிய இமயமும் அவ்வேரினதே என்று எண்ணுகையில் உள்ளம் ஒரு கணம் நின்று போகிறது.

அம்மக்களின் சமயவரலாறும் தனித்தன்மை உடையது. ஐரோப்பா முழுதும் கிறித்துவம் பரவிய பின்னரும் லித்துவேனியர் தம் பழந்தெய்வங்களையே வணங்கிவந்தனர். அவர்தம் அரசு 1387இல்தான் திருமுழுக்கேற்றது. மேற்குப் பகுதியான சமோகித்தியா 1413 வரை காத்திருந்தது. லாட்வியரை அதற்கு முன்பே, 13ஆம் நூற்றாண்டில், செருமானிய வீரர்கள் வென்று மதம் மாற்றினர். பழஞ்சமயத்துக்கு மறைநூல் இல்லை. எஞ்சிய கற்கோயில் இல்லை. ஆயினும் அது முற்றும் மாயவில்லை. உழவுக்காரரும் திரிகை அரைக்கும் பெண்டிரும் தாலாட்டும் தாயரும் பாடிய குறும்பாடல்களில் அது ஒளிந்துகொண்டது. லாட்விய மொழியில் அவற்றைத் தைனா என்பர். பெரும்பான்மை நான்கே அடிகள்.

அவற்றைத் தொகுத்த கிரிஷ்யானிஸ் பாரன்ஸ் (1835–1923) என்பாரைப் பற்றி இங்குச் சில சொல்லாதிருக்க இயலவில்லை. கணிதமும் வானியலும் பயின்ற அவர் மாஸ்கோவில் ஒரு செல்வர் வீட்டில் இல்லாசிரியராக இருந்துகொண்டே, ஊர்தோறும் அன்பர்கள் எழுதியனுப்பிய பாடல்களைச் சிறு தாள்துண்டுகளிற் படியெடுத்து வகைப்படுத்தினார். 1880இல் இதற்கெனவே பல இழுப்பறைகள் கொண்ட மரப்பேழை ஒன்றைச் செய்வித்தார். அதில் சேர்ந்த துண்டுகள் 2,60,000க்கும் மேல். 1894 முதல் 1915 வரை அச்சேறிய பாடல்கள் 2,17,996. நம் உ.வே. சாமிநாதையர் ஏடு தேடி ஊரூராய் அலைந்த அதே காலத்தில், அங்கொருவர் ஏடேறாத குரல்களைத் தேடித் தாளேற்றிக்கொண்டிருந்தார். நம் கிருஷ்ணகிரி, ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பகுதிகளில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே நாற்றங்காலில் ஒலிக்கும் பாடல்களுக்கு அத்தகைய பேழை ஒன்று வாய்க்கவில்லை என்னும் ஏக்கம் எனக்கு உண்டு.

சுனீதிகுமார் சோவியத் ஒன்றியத்துக்கு மேற்கொண்ட பயணங்களில் லாட்வியாவையும் லித்துவேனியாவையும் கண்டார். தம் நெடுநாளைய ஆர்வத்தைத் திரட்டிப் பால்டியரும் ஆரியரும் என்னும் பொருளில் ஒரு நூலாக்கினார். சிம்லாவில் உள்ள இந்திய உயராய்வு நிறுவனம் அதனை 1968இல் வெளியிட்டது. அப்போது அவர்க்கு அகவை எழுபத்தெட்டு. இந்நூலில் அவரை ஆட்கொண்டது சொல்லொப்புமையினும் தெய்வ ஒப்புமையே எனலாம்.

இருக்குவேதத்தின் பத்தாம் மண்டலத்தில் கதிரவன் மகள் சூரியையின் திருமணப் பதிகம் உண்டு. திங்களாகிய சோமன் மணமகன். குதிரையூரும் இரட்டையரான அசுவினிகள் பெண்கேட்டு வரும் தோழர். வேறிடங்களில் அவ்விரட்டையரே அவளைத் தம் தேரில் ஏற்றிச் செல்கின்றனர். தைனாக்களிலும் கதிரவனுக்கு ஒரு மகள் உண்டு. ஆங்குக் கதிரவன் பெண். சௌலே என்பது பெயர். அவள் மகளைத் திங்களும் விரும்புவான். வானக்கடவுளின் மைந்தர்களும் குதிரையேறி வந்து பெண் கேட்பர். வேதப்புலவரும் லாட்விய உழத்தியும் ஒருவரையொருவர் அறியார். இடையே மூவாயிரம் ஆண்டும் பல்லாயிரம் கல் தொலைவும் உள்ளன. ஆயினும் பாடுபொருள் ஒன்று. கிரேக்கர்தம் இரட்டையரும் இக்குடும்பத்தினரே. ஒப்பியற் சமய ஆய்வில் இத்துணை உறுதியான சான்றுகள் சிலவே. இடிக்கடவுளான பெர்கூனஸை வேதத்துப் பர்ஜன்யனோடு இணைப்பது அவ்வளவு உறுதியுடையதன்று. ஒலியியல் அங்கே இடறுகிறது. எனினும் சூரியையின் திருமணம் ஒன்றே போதும்.

தைனாக்களில் வரும் வானக்கடவுளாகிய தியெவ்ஸ், வேதத்துத் தியௌஸுக்கு உறவினர். ஆனால் அவர் அரியணையில் வீற்றிருப்பவர் அல்லர்; சாம்பல்நிற மேலாடை உடுத்து, விளைந்த பயிர் நலுங்காவண்ணம் மெல்லக் குதிரையில் மலைச்சரிவில் இறங்கிவரும் நல்ல உழவர். அரசவையை அறியாத மக்கள் தம் கடவுளைத் தம் வயலுக்கே அழைத்துக்கொண்டனர். ஓங்கிய வேள்விச்சமயம் ஒருபுறம் இருக்க, அதே சமயத்தின் சிற்றூர் முகம் இஃது என்று சுனீதிகுமார் கண்டார்.

பருவ விழாக்களில்தான் அப்பழமை இன்றும் உயிரோடிருக்கிறது. சூன் 23ஆம் நாள் இரவு, ஆண்டின் மிகக் குறுகிய இரவுகளுள் ஒன்றில், லாட்வியர் குன்றுகளில் தீமூட்டி விடியும்வரை காத்திருப்பர். ஆடவர் தலையில் கருவாலி இலைமாலை; பெண்டிர் தலையில் பூமாலை; சீரகமிட்ட பாற்கட்டியும் வாற்கோதுமை மதுவும் விருந்து. திருமுழுக்கு யோவான் பெயரால் யாணி என்று வழங்கினும், விழா கதிரவனுக்கே உரியது. பாடலின் ஒவ்வோரடி இறுதியிலும் லீகோ என்னும் சொல் மீண்டும் மீண்டும் வரும். அசைந்தாடுதல் என்பது அதன் பொருளாம். நம் ஏலேலோவை நினைக்காமல் இருக்க முடியுமோ? அறுவடையில் இரட்டைக்கதிர் ஒன்று கண்ணிற்பட்டால் அதனை யுமிஸ் என்னும் விளைச்சல் தெய்வமாக எண்ணி வீட்டுக்குக் கொணர்ந்து காப்பர். சோவியத் ஆட்சியில், 1959க்குப் பின் சில ஆண்டுகள் யாணி விழா ஒடுக்கப்பட்டது. மக்கள் தோட்டங்களுக்குள் தீமூட்டினர். லித்துவேனியாவில் கெர்னாவே என்னும் பழந்தலைநகர் மேட்டில் 1967இல் இளைஞர் சிலர் பழைய முறையில் அவ்விழாவை மீட்டெடுத்தனர். அவர்களுள் முதன்மையான யோனாஸ் திரின்கூனஸ் பின்னர்ப் பல்கலைக்கழகப் பணியையே இழந்தார். பாட்டுப் பாடித் தீமூட்டுவதற்கு இவ்வளவு விலை.

கார்த்திகையில் சொக்கப்பனை கொளுத்துவதும், சிறுவர் மாவளி சுற்றுவதும், போகியன்று வைகறையில் தீமூட்டுவதும் உடனே நம் நினைவுக்கு வரும். போகி என்பது இந்திரன் பெயர். சிலம்பு காட்டும் இந்திரவிழாவும் உண்டு. அதனால் இவையனைத்தும் ஒரே வழியின என்று கூறிவிடலாமா? கூடாது. பருவம் மாறும்போது தீமூட்டாத மாந்தரினம் அரிது. எரியும் நெருப்பனைத்தும் உறவுடைய நெருப்பல்ல. சொல்லும் கதையும் சேர்ந்து ஒத்தாலன்றி உறவு கூறுதல் ஆய்வாகாது. இந்த அடக்கத்தைச் சுனீதிகுமாரிடம் கற்கலாம். தமிழுக்கு உலகமொழிகள் அனைத்தையும் உறவாக்கிவிடும் நம் அன்பர் சிலர் கட்டாயம் கற்கவேண்டும்.

அவர் தம் மரபின் மறுபாதியையும் மறைக்கவில்லை. தீயில் அவிசொரியும் ஓமம் ஆரியருடையது. பூவும் நீரும் கனியும் இட்டு உருவத்தை வழிபடும் பூசை ஆரியரல்லாதாருடையது என்று 1951இல் வெளிவந்த வேதகால வரலாற்றுத் தொகுதிக்கு எழுதிய கட்டுரையில் விளக்கினார். பூசை என்னும் சொல் பூச்செய் என்னும் திராவிடத் தொடரினின்று பிறந்தது என்னும் கருத்தை ஏற்றுப் பரப்பினார். சொற்பிறப்பு இன்றும் வழக்கிலுள்ள பூசலே. எனினும் அதன் பின்னுள்ள நேர்மை பூசலுக்கு அப்பாற்பட்டது. பிராமணக் குடியிற் பிறந்து, வடமொழியைப் போற்றி, 1956–57இல் அரசின் வடமொழி ஆணையத்துக்குத் தலைமை தாங்கியவர் இதனை எழுதினார் என்பதை எண்ணுக.

அந்நேர்மை ஏட்டளவில் நின்றுவிடவில்லை. 1940களில் இந்தியைப் பொதுமொழியாக வரவேற்றவர் அவர். 1955இல் கேர் தலைமையில் அமைந்த ஆட்சிமொழி ஆணையத்தில் உறுப்பினராய் அமர்ந்து நிலைமையை நேரிற் கண்டபின் மனம் மாறினார். பெரும்பான்மையோர் அறிக்கையில் ஒப்பமிட, இருவர் 1956இல் விரிவான மறுப்புரை எழுதினர். ஒருவர் சுனீதிகுமார்; மற்றவர் குமாரமங்கலம் ப. சுப்பராயன், சென்னை மாகாணத்தின் முன்னாள் முதலமைச்சர். குமாரமங்கலமும் நம் பாரூரும் ஓசூரும் அந்நாளில் ஒரே சேலம் மாவட்டத்தில் அடங்கியிருந்தன. இந்தியை விரைந்து புகுத்துவது அம்மொழியைத் தாய்மொழியாகக் கொள்ளாத மக்களைக் கீழ்நிலைக்குத் தள்ளும் என்பது அவர் அச்சம். ஆரியமொழி வரலாற்றில் இந்நாட்டின் தலையாய அறிஞரே ஓர் ஆரியமொழியின் மேலாதிக்கத்தைத் தடுக்க முன்வந்தார். பழமையை நேசிப்பது ஒன்று. அதனைப் பிறர்மேல் ஏற்றுவது வேறு.

தமிழுக்கும் அவர் உழைத்தார். அதே 1956இல் சங்கத்தமிழுக்கு முற்பட்ட தமிழ் வடிவத்தை மீட்டுருவாக்க முயன்று கட்டுரை எழுதினார். அதில் சொன்முதலில் ஒலிப்புடை வல்லினங்களைப் பெய்தமை திராவிட மொழியியலார்க்கு உடன்பாடன்று. எனக்கும் அவ்வளவில் உடன்பாடில்லை. திராவிடம் பற்றிய அவருடைய சொற்பொழிவுகளை 1965இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் நூலாக்கியது.

மேற்கு வங்க மேலவைத் தலைமை, 1963இல் பத்ம விபூஷண், பின்னர்த் தேசியப் பேராசிரியர், 1969 முதல் சாகித்திய அகாதெமித் தலைமை எனப் பட்டங்கள் தொடர்ந்தன. தென்கல்கத்தாவில் சுதர்மா என்னும் இல்லத்தில் இறுதிவரை எழுதிக்கொண்டிருந்த அவர் 1977 மே 29ஆம் நாள் மறைந்தார். லித்துவேனியா 1990இல் தன் விடுதலையை அறிவித்தது; லாட்வியா 1991இல் விடுதலையை முழுமையாக்கியது. இரு நாடுகளிலும் இன்று வேனில்நடுத் திருநாள் அரசு விடுமுறை. பாரன்சின் பாடற்பேழையை 2001இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. ரிகா நகரத்துத் தேசிய நூலகத்தில் அதன் இழுப்பறைகளை இன்றும் காணலாம்.