ஹிட்லர் அமைப்பில் சேர்ந்த சிறுமி, ஹிட்லரை எதிர்த்த மாணவி... யார் இந்த சோஃபி ஷோல்?

தபால் ஸ்டாம்ப் கொஞ்சம் அதிகமா வாங்கினா போலீஸுக்குச் சந்தேகம் வருமா? 1943-ம் ஆண்டு ஜெர்மனியில் வரும். ஒரே ஆள் கட்டுக்கட்டாக பேப்பர், கவர், ஸ்டாம்ப் வாங்கினால், அரசுக்கு எதிராக ஏதோ அச்சடிக்கிறார் என்று நினைப்பார்கள். அதனால், மியூனிக் நகரில் ஒரு கல்லூரி மாணவி வெவ்வேறு போஸ்ட் ஆபீஸ்களுக்குப் போய், கொஞ்சம் கொஞ்சமாக ஸ்டாம்ப் வாங்கிச் சேர்த்தார். அவர்தான் சோஃபி ஷோல். வயது 21.

இன்று ஜெர்மனியில் அவர் பெயரில் எத்தனையோ பள்ளிகளும் தெருக்களும் இருக்கின்றன. ஆனா, அவர் பிறந்ததிலிருந்தே போராளி கிடையாது. உங்களுக்கு ஆச்சர்யமா இருக்கலாம்... ஹிட்லரின் இளைஞர் அமைப்பில் ஆசை ஆசையாகச் சேர்ந்த பிள்ளைகளில் அவரும் ஒருவர்.

அப்பா சொல்லியும் கேட்கல!

சோஃபி பிறந்தது 1921, மே 9. ஊர், தெற்கு ஜெர்மனியின் ஃபோர்க்டென்பெர்க். அப்பா ராபர்ட் ஷோல்தான் அந்தச் சின்ன ஊரின் மேயர். சோஃபியோடு சேர்த்து ஐந்து பிள்ளைகள் வளர்ந்த வீடு அது. பின்னர் குடும்பம் உல்ம் நகரத்துக்குக் குடியேறியது.

1933-ல் ஹிட்லர் ஆட்சியைப் பிடித்தபோது சோஃபிக்கு 11 வயது. கொடி, அணிவகுப்பு, பாட்டு, கேம்ப், மலையேற்றம்னு அந்த வயசுப் பிள்ளைகளை இழுக்க எல்லாமே இருந்தது. அப்பாவுக்கு ஹிட்லரைச் சுத்தமாகப் பிடிக்காது. பிள்ளைகளிடம் எவ்வளவோ எடுத்துச் சொன்னார். கேட்டால்தானே? அண்ணன் ஹான்ஸ் 1935-ல் நியூரம்பெர்க் மாநாட்டுக்கே கொடி பிடித்துப் போனார். சோஃபியும் சிறுமிகள் அமைப்பில் சேர்ந்து, ஒரு குழுவுக்குத் தலைவியானார்.

அந்த மயக்கம் ஒரே நாளில் தெளியவில்லை. தன் யூதத் தோழிகளுக்கு மட்டும் அந்த அமைப்பில் ஏன் இடமில்லை என்ற கேள்வி அவரை உறுத்தியது. 1937-ல், தடை செய்யப்பட்ட வேறொரு இளைஞர் குழுவோடு தொடர்பு என்று சொல்லி, ரகசிய போலீஸான கெஸ்டபோ அந்த வீட்டுப் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போனது. சோஃபியைச் சீக்கிரமே விட்டுவிட்டார்கள். ஹான்ஸ் சில வாரங்கள் உள்ளே இருந்தார்.

1939-ல் போர் வந்தது. சோஃபியின் காதலர் ஃபிரிட்ஸ் ராணுவ அதிகாரி. அவருக்கு எழுதிய கடிதங்களில், இந்தப் போரே தப்பு என்று சோஃபி சண்டை போட்டார். 1942-ல், ஹிட்லரைத் திட்டிப் பேசியதற்காக அப்பாவுக்கே நான்கு மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது.

ஒரு மெஷின், சில நண்பர்கள்

1942 மே மாதம் உயிரியலும் தத்துவமும் படிக்க மியூனிக் பல்கலைக்கழகத்துக்கு வந்தார் சோஃபி. ஹான்ஸ் அங்கே மருத்துவ மாணவர். ஹான்ஸும் அவர் நண்பர் அலெக்சாண்டர் ஷ்மோரெலும் அந்தக் கோடையில் நான்கு துண்டுப் பிரசுரங்களை எழுதினார்கள். ஒவ்வொன்றிலும் சுமார் 100 பிரதிகள்தான். அவற்றைத் தபாலில் அனுப்பினார்கள். பெயர், `வெள்ளை ரோஜா'. போலந்தில் யூதர்கள் லட்சக்கணக்கில் கொல்லப்படுகிறார்கள் என்பதை அதில் வெளிப்படையாகவே எழுதினார்கள். படித்தவர்கள் நகலெடுத்து அடுத்தவருக்கு அனுப்பும்படியும் கேட்டுக்கொண்டார்கள். இப்போ நாம ஒரு விரலால் செய்யும் ஃபார்வேர்டு வேலைதான். அன்றைக்கு அதற்கு விலை, உயிர்!

கிறிஸ்டோஃப் ப்ரோப்ஸ்ட், வில்லி கிராஃப், பேராசிரியர் கர்ட் ஹூபர் என்று குழு பெரிதானது. 1943 ஜனவரியில் ஐந்தாவது பிரசுரம் தயாரானபோது, சோஃபி முழுமூச்சாக வேலையில் இருந்தார். இந்த முறை 6,000-க்கும் மேல் பிரதிகள். கையால் சுற்றும் மெஷினில் ராத்திரி ராத்திரியாக ஓட்டினார்கள்.

பிரசுரங்களின் வரிகளை எழுதியவர்கள் மற்றவர்கள். கணக்கு வழக்கு, ஸ்டாம்ப், கவர், தூக்கிச் சுமப்பது... இதெல்லாம் சோஃபியின் பங்கு. பார்க்கச் சாதாரணமாத் தெரியும். ஆனால், சூட்கேஸ் நிறைய பிரசுரங்களோடு ரயிலேறி ஆக்ஸ்பர்க், உல்ம், ஸ்டுட்கார்ட் என்று போவதைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. வழியில் ஒரு சோதனை நடந்தால் அத்தோடு எல்லாம் முடிந்தது. ஆனாலும் போனார்கள். பல ஊர்களிலிருந்து தபால் வந்தால், நாடு முழுக்கப் பரவிய பெரிய அமைப்பு என்று கெஸ்டபோ குழம்பும் இல்லையா? உல்மில் பள்ளி மாணவர்கள் சிலர், ஒரு தேவாலயத்தின் ஆர்கன் வாத்தியத்துக்குப் பின்னால் ஒளிந்து உட்கார்ந்து கவர்களை ஒட்டினார்கள்.

அந்த வியாழக்கிழமை

1943 பிப்ரவரி தொடக்கத்தில் ஸ்டாலின்கிராடில் ஜெர்மன் படை சரணடைந்தது. அதைவைத்து ஹூபர் ஆறாவது பிரசுரத்தை எழுதினார். பிப்ரவரி 18, வியாழக்கிழமை காலை, ஹான்ஸும் சோஃபியும் சூட்கேஸோடு பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்தார்கள். வகுப்புகள் நடந்துகொண்டிருந்ததால் வராந்தாக்கள் காலி. வகுப்பு வாசல்களில் கட்டுக்கட்டாக வைத்தார்கள். வெளியே போகும்போது இன்னும் கொஞ்சம் மீதி இருந்தது. திரும்பி மாடியேறினார்கள். மேல்தளக் கைப்பிடிச் சுவரிலிருந்து ஒரு கட்டைக் கீழே தள்ளிவிட்டார் சோஃபி. காகிதங்கள் நடுக்கூடம் முழுக்கப் பறந்தன.

அங்கே வேலை பார்த்த பணியாளர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டார். இருவரும் கைது. பின்னர் அவருக்கு 3,000 மார்க் வெகுமதி கிடைத்தது.

முதலில் சோஃபி எல்லாவற்றையும் மறுத்தார். ஹான்ஸ் ஒப்புக்கொண்டுவிட்டார் என்று தெரிந்த பிறகு, பழியைத் தங்கள் இருவர் மேலேயே போட்டுக்கொண்டு நண்பர்களைக் காப்பாற்றப் பார்த்தார். செய்தது தவறு என்று இப்போதாவது உணர்கிறாயா என்று விசாரணையின் முடிவில் கேட்டார்கள். இல்லை, விளைவுகளை ஏற்கிறேன் என்ற பொருளில் பதில் சொன்னார் 21 வயது சோஃபி.

பிப்ரவரி 22, திங்கட்கிழமை விசாரணை. பெர்லினிலிருந்து நீதிபதி ரோலண்ட் ஃபிரைஸ்லர் வந்திருந்தார். ஹான்ஸ், சோஃபி, மூன்று குழந்தைகளின் தந்தையான ப்ரோப்ஸ்ட், மூவருக்கும் மரண தண்டனை. கோர்ட்டுக்குள் வந்த சோஃபியின் பெற்றோரை வெளியேற்றினார்கள். சிறையில் மட்டும் சில நிமிடங்கள் பிள்ளைகளைப் பார்க்க முடிந்தது. அன்று மாலையே ஸ்டாடெல்ஹைம் சிறையில் கில்லட்டின் இயந்திரத்தால் தண்டனை நிறைவேற்றப்பட்டது. கைதாகி நாலே நாள்! ஷ்மோரெல், ஹூபர், கிராஃப் ஆகியோரும் அதே ஆண்டில் கொல்லப்பட்டார்கள்.

திரும்பி வந்த காகிதம்

கதை அதோட முடியல. அந்த ஆறாவது பிரசுரத்தின் ஒரு பிரதி ரகசியமாக பிரிட்டனுக்குப் போய்ச் சேர்ந்தது. 1943 கோடையில் பிரிட்டிஷ் விமானங்கள் அதை லட்சக்கணக்கில் அச்சடித்து ஜெர்மனி மீது கொட்டின. சோஃபியின் கையிலிருந்து விழுந்த அதே வார்த்தைகள், இந்த முறை வானத்திலிருந்து விழுந்தன.

அவர்களைத் தண்டித்த அந்த நீதிமன்றத்தின் தீர்ப்புகள் சட்டப்படி செல்லாதவை என்று 1985-ல் மேற்கு ஜெர்மன் நாடாளுமன்றம் அறிவித்தது.

சோஃபியை நினைக்கும்போது கில்லட்டினை மட்டும் நினைக்காதீங்க. தான் நம்பியது தவறு என்று தெரிந்ததும், 'ஊரே அப்படித்தானே இருக்கு' என்று அவர் சமாதானம் சொல்லிக்கொள்ளவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக மாறி, கடைசிவரை அந்த மாற்றத்தின் பக்கம் நின்றார்.

என்றாவது மியூனிக் போனால், ஷோல் உடன்பிறப்புகளின் பெயரில் உள்ள பல்கலைக்கழகச் சதுக்கத்தில் கீழே பார்த்து நடங்க. யாரோ காகிதங்களைத் தவறவிட்டுப் போனதுபோல இருக்கும். குனிந்து எடுக்க முடியாது. வெள்ளை ரோஜாவின் பிரசுரங்களை அப்படியே தரையில் பதித்து வைத்திருக்கிறார்கள்.