வங்கப் பெருமகனார் சர் ஆசுதோஷ் முகர்ஜி

லேக் மார்க்கெட்டிலும் அதனைச் சூழ்ந்த தெருக்களிலும் குடியிருக்கும் நம் தமிழ்க் குடும்பத்தார் எஸ்பிளனேடு பக்கம் அலுவலுக்குச் செல்லும்போது, ஹாஜ்ரா சந்திப்பு வரையில் மைந்தர் சியாமப் பிரசாதரின் பெயர் தாங்கிய சாலையிலும், அதற்கு அப்பால் தந்தையார் ஆசுதோஷ் முகர்ஜியின் பெயர் தாங்கிய சாலையிலும் பயணம் செய்கிறோம். அப்பெயர்ப் பலகையை நாள்தோறும் காண்கிறோம். ஆயினும் அப்பெயருக்கு உரியவர் யார், அவருக்கும் தமிழராகிய நமக்கும் உள்ள தொடர்பு யாது என்று நம் இளைஞரைக் கேட்டால், விடை கூறுவோர் சிலரே. சர் சி. வி. இராமனை அரசாங்கக் கணக்கு அலுவலிலிருந்து விடுவித்து விஞ்ஞானப் பேராசிரியராக அமர்த்திய பெரியார் இவரே. விஞ்ஞான ஆராய்ச்சிக்கு அரசாங்கப் பணம் வேண்டும் என்று ஆண்டுக் கணக்கில் வாதாடியவர், அப்பணம் தகாத நிபந்தனைகளோடு வந்தபோது அதனை வேண்டாம் என்று மறுத்தவரும் ஆவார். அவ்வரலாற்றை இம்மலரில் சுருக்கமாகக் கூற விழைகிறோம்.

இளமையும் ஏமாற்றமும்

ஆசுதோஷ் 1864-ஆம் ஆண்டு ஜூன் 29-ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தார். தந்தையார் கங்காப்பிரசாத முகர்ஜி பவானிப்பூரில் புகழ் பெற்ற மருத்துவர். மகனுக்குக் கணிதத்தில் இருந்த நாட்டத்தை அவர் இளமையிலேயே கண்டு, வேண்டிய நூல்களையெல்லாம் வாங்கித் தந்தார். பிரசிடென்சிக் கல்லூரியில் பயின்ற ஆசுதோஷ் 1885-இல் கணிதத்திலும், மறு ஆண்டு பௌதிக விஞ்ஞானத்திலும் எம். ஏ. பட்டம் பெற்றார். பிரேம்சந்த் ராய்சந்த் பரிசும் அவருக்குக் கிடைத்தது. கல்லூரி மாணவராக இருந்தபோதே அவர் எழுதிய கணிதக் கட்டுரைகள் இங்கிலாந்துப் பத்திரிகையில் இடம் பெற்றன. டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் 1876-இல் பௌபஜாரில் நிறுவிய விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தில் அவர் கணிதச் சொற்பொழிவுகள் ஆற்றினார்.

கணித ஆராய்ச்சியிலேயே வாழ்நாளைக் கழிக்க வேண்டும் என்பது அவருடைய பேரவா. ஆனால் அக்காலத்தில் கல்கத்தாப் பல்கலைக் கழகம் தேர்வுகள் நடத்திப் பட்டம் வழங்கும் நிலையமாகவே இருந்தது. ஆராய்ச்சிக்கென்று அங்கே ஒரு பேராசிரியர் பதவியும் இல்லை. அரசாங்கக் கல்வி இலாகாவில் இந்தியருக்கு ஐரோப்பியரோடு ஒத்த தரமும் ஊதியமும் இல்லை. ஆகவே அவ்வேலையை அவர் ஏற்கவில்லை. துணைவேந்தராக விளங்கிய குருதாஸ் பானர்ஜி, இவருக்காக ஓர் ஆராய்ச்சிப் பதவியை ஏற்படுத்தப் பொருள் திரட்ட முயன்றார். செல்வர்கள் நிறைந்த இம்மாநகரில் அச்சிறு தொகை திரளவில்லை. ஆசுதோஷ் சட்டத் தொழிலிலேயே நிலைத்துவிட்டார். நாடு ஒரு கணித மேதையை இழந்தது. இந்த ஏமாற்றமே பின்னாளில் அவர் செய்த அரும்பணிகள் அனைத்திற்கும் வித்தாயிற்று என்று நாம் கருதுகிறோம்.

சட்டத்தைக் கருவியாகக் கொண்டமை

1888-இல் உயர்நீதிமன்ற வக்கீலாகப் பதிவு செய்துகொண்ட அவர், 1894-இல் சட்டத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். 1898-இல் தாகூர் சட்டப் பேராசிரியராக அவர் எடுத்துக்கொண்ட பொருள், ஒருவர் தம் சொத்தினைத் தமக்குப் பின் எத்துணைக் காலத்திற்குக் கட்டுப்படுத்தி வைக்கலாம் என்பது பற்றிய சட்டமாகும். கொடையும் அதன் நிபந்தனைகளும் பற்றிய இப்பயிற்சி பின்னர் எவ்வளவு பயன்பட்டது என்பதை மேலே காண்போம். 1904 முதல் 1923 முடிய அவர் உயர்நீதிமன்ற நீதிபதியாக வீற்றிருந்தார். 1920-இல் சில காலம் தலைமை நீதிபதியின் பொறுப்பையும் ஏற்றார்.

அதே 1904-இல் கர்சன் பிரபு பல்கலைக் கழகச் சட்டத்தைக் கொண்டு வந்தார். செனட் அங்கத்தினருள் பெரும்பாலோரை வேந்தரே நியமிப்பார் என்றும், விதிகளுக்கு அரசாங்கத்தின் இசைவு வேண்டும் என்றும் அச்சட்டம் வகுத்தது. சட்டசபையில் ஆசுதோஷ் அதன் பல பிரிவுகளை எதிர்த்தார். எனினும் அச்சட்டம் நிறைவேறிய பின், அதில் ஒரு நன்மையும் இருத்தலை அவர் கண்டார். பேராசிரியர்களை நியமிக்கவும், அறக்கொடைகளை ஏற்கவும், ஆராய்ச்சிச் சாலைகளை அமைக்கவும் பல்கலைக் கழகத்திற்கு அது அதிகாரம் தந்திருந்தது. கட்டுப்படுத்துவதற்காக வந்த சட்டத்தையே வளர்ச்சிக்கு ஏணியாக்கிக் கொண்டார் அவர். 1906 முதல் 1914 வரை தொடர்ந்து நான்கு முறை துணைவேந்தராக இருந்து, பகலில் நீதிமன்றத்திலும் காலை மாலைகளில் பல்கலைக் கழகத்திலும் உழைத்தார்.

இரு வழக்கறிஞர்களின் கொடை

விஞ்ஞானக் கல்லூரி ஒன்று வேண்டும். அதற்கு அரசாங்கம் பொருள் உதவ வேண்டும் என்று அவர் கேட்டார். முன்வந்து முதலில் உதவியவர்கள் அவருடைய சட்டத் தொழிலைச் சார்ந்தவர்களே. 1912-இல் பாரிஸ்டர் தாரகநாத் பாலித் நிலமும் பணமுமாக ஏறத்தாழ 15 இலட்சம் ரூபாயை ஈந்தார். 1913-இல் ராஷ்பிகாரி கோஷ் 10 இலட்சம் ரூபாய் வழங்கினார். 1908-இல் சென்னையில் கூடிய காங்கிரசுக்குத் தலைமை தாங்கிய ராஷ்பிகாரி கோஷ் இவரே. பௌதிகம், இரசாயனம், பயன்முறைக் கணிதம், தாவரவியல் ஆகிய துறைகளில் இக்கொடைகளால் பேராசிரியர் பதவிகள் தோன்றின.

பாலித்தின் கொடைப் பத்திரத்தில் இரு நிபந்தனைகள் முக்கியமானவை. அப்பதவிகளில் இந்தியரே அமர வேண்டும் என்பது ஒன்று. பல்கலைக் கழகமும் தன் நிதியிலிருந்து இரண்டரை இலட்சம் ரூபாயேனும் ஆராய்ச்சிச் சாலைக்குச் செலவிட வேண்டும் என்பது மற்றொன்று. இந்திய அரசாங்கத்திடம் ஆசுதோஷ் உதவி கோரி எழுதினார். அரசாங்கம் கைவிரித்துவிட்டது. 1913-இல் வேறோர் இடியும் விழுந்தது. அரசியல் தொடர்புடையவர்கள் என்று காரணம் காட்டி, மூன்று விரிவுரையாளர்களின் நியமனத்திற்கு இந்திய அரசாங்கம் இசைவு மறுத்தது. அவர்களுள் ஒருவர் பிற்காலத்தில் வரலாற்றுப் பேரறிஞராகப் புகழ் பெற்ற கே. பி. ஜெயஸ்வால். பொருள் தருவதும் தராததும், ஆளை ஏற்பதும் ஏற்காததும் அரசாங்கத்தின் விருப்பமாக இருந்தால் கல்வி என்னவாகும் என்பதை ஆசுதோஷ் அப்போதே உணர்ந்தார்.

ஆனாலும் அவர் சோர்ந்துவிடவில்லை. தேர்வுக் கட்டணங்களிலிருந்து சேர்ந்த நிதியைக் கொண்டு பணியைத் தொடங்கினார். துணைவேந்தர் பதவிக்காலம் முடிய மூன்று நாட்களே இருந்த 1914 மார்ச் 27-ஆம் நாள், அப்பர் சர்க்குலர் சாலையில் விஞ்ஞானக் கல்லூரிக்கு அடிக்கல் நாட்டினார். இன்று ஆசார்ய பிரபுல்ல சந்திரர் பெயரால் வழங்கும் அச்சாலையில் அக்கல்லூரி இன்றும் நின்று விளங்குகிறது.

இராமன் வந்த வரலாறு

திருச்சிராப்பள்ளியில் பிறந்த சந்திரசேகர வேங்கட இராமன், 1907-இல் நிதி இலாகா அதிகாரியாக நியமனம் பெற்றுக் கல்கத்தாவிற்கு வந்தார். பகலில் அரசாங்கக் கணக்கு, காலையிலும் இரவிலும் பௌபஜார் விஞ்ஞானக் கழகத்தில் ஆராய்ச்சி என்று அவர் வாழ்ந்து வந்தார். ஆசுதோஷ் தம் இளமையில் சொற்பொழிவாற்றிய அதே கழகம் அது. பாலித் பௌதிகப் பேராசிரியர் பதவிக்கு இவரே தக்கவர் என்று ஆசுதோஷ் தேர்ந்தார். வெளிநாட்டில் பயிற்சி பெற்று வர வேண்டும் என்றொரு விதி குறுக்கே நின்றது. இராமன் அதற்கு இசையவில்லை, அவ்விதியும் தளர்த்தப்பட்டது. ஊதியம் குறைவு என்று தெரிந்தும் 1917-இல் அரசாங்க வேலையை விட்டு இராமன் பேராசிரியரானார். முன்பு, ஒரு பதவி இல்லாமையால் தாம் இழந்த வாழ்வை, மற்றோர் இளைஞர் இழவாமல் காத்தார் ஆசுதோஷ். 1928 பிப்ரவரி 28-இல் கண்டறியப்பட்ட இராமன் விளைவும், 1930-இல் கிடைத்த நோபல் பரிசும் அதன் பயன்களே. அவற்றைக் காண ஆசுதோஷ் உயிரோடு இருக்கவில்லை.

இரசாயனத்திற்குப் பிரபுல்ல சந்திர ராய் வந்தார். மேகநாத சாஹாவும் சத்தியேந்திரநாத போசும் இளம் விரிவுரையாளர்களாக அமர்ந்தனர். 1921-இல் தத்துவப் பேராசிரியராக டாக்டர் இராதாகிருஷ்ணனும் இப்பல்கலைக் கழகத்திற்கு அழைக்கப் பெற்றார்.

மானியப் போராட்டம்

1921-இல் ஆசுதோஷ் மீண்டும் துணைவேந்தரானார். அப்போது கஜானா வெறுமையாக இருந்தது. ஒத்துழையாமை இயக்கத்தால் தேர்வு எழுதுவோர் குறைந்து, கட்டண வருவாயும் குறைந்தது. புதிய சீர்திருத்தத்தின்படி கல்வி மாகாண மந்திரியின் பொறுப்பாயிற்று. வங்க மாகாணமோ வருவாய்ப் பங்கீட்டில் நலிவுற்றிருந்தது. பல்கலைக் கழகத்தின் பற்றாக்குறை ஐந்து இலட்சம் ரூபாயைத் தாண்டியது. ஆசிரியர்களுக்கு ஊதியம் பாக்கி நின்றது. வரம்பு மீறிச் செலவு செய்து துறைகளைப் பெருக்கிவிட்டார் ஆசுதோஷ் என்று சட்டசபையில் பலர் குறை கூறினர். வரலாற்றறிஞர் யதுநாத சர்க்காரும் இவருடைய நிர்வாகத்தைக் கடுமையாகக் கண்டித்தவர். அக்கண்டனங்களில் உண்மையே இல்லை என்று நாம் கூறோம். பணம் வந்த பின் பணி என்று காத்திராமல், பணியைத் தொடங்கிவிட்டுப் பணத்தைத் தேடுவது அவர் இயல்பு.

1922-இல் வங்க அரசாங்கம் இரண்டரை இலட்சம் ரூபாய் தர முன்வந்தது. ஆனால் அதனுடன் பல நிபந்தனைகளை விதித்தது. நிதி நிலை சீர்ப்படும் வரை புதிய விரிவு எதுவும் கூடாது. வரவு செலவுக் கணக்கை மாதந்தோறும் அரசாங்கத்திற்கு அனுப்ப வேண்டும் என்பன போன்றவை அவை. ஊதியமின்றி வாடும் ஆசிரியர்களுக்கு அத்தொகை எத்துணைத் தேவை என்பதை ஆசுதோஷ் அறியாதவர் அல்லர். ஆயினும் 1922 டிசம்பரில் கூடிய செனட்டில், பல்கலைக் கழகத்தை அரசாங்க இலாகாக்களுள் ஒன்றாக்கும் எந்த உதவியும் வேண்டாம் என்றும், சுதந்திரமே முதலும் முடிவும் என்றும் அவர் முழங்கினார். செனட் அவர் வழி நின்றது. தம் அறுபதாம் வயதிலிருந்து முழுச் சம்பளத்தையும் பல்கலைக் கழகத்திற்கே விட்டுக்கொடுத்திருந்த பிரபுல்ல சந்திர ராயும் அவருக்குத் துணை நின்றார்.

அரசாங்கம் அடுத்துச் சட்டத்தின் வழியே வந்தது. பல்கலைக் கழகச் சட்டத்தைத் திருத்த ஒரு மசோதா வகுக்கப்பட்டது. ஆசுதோஷ் அதனையும் எதிர்த்தார். 1923 மார்ச்சில் கவர்னர் லிட்டன் பிரபு, எதிர்ப்பை விட்டு அரசாங்கத்தோடு ஒத்துழைப்பதாக வாக்களித்தால் மீண்டும் துணைவேந்தர் பதவி தருவதாக எழுதினார். அவ்வாறு கட்டுண்டு வரும் பதவி தமக்கு வேண்டுவதில்லை என்று ஆசுதோஷ் மறுமொழி விடுத்தார். அதிகாரத்தில் உள்ளோருக்கு அஞ்சாத அந்த விடை வெளியானபோது, வங்கப் புலி என்று மக்கள் அவரைப் போற்றியது பொருத்தமே என்று நாடு கண்டது. அம்மசோதாவும் சட்டமாகவில்லை.

அதே ஆண்டு முடிவில் நீதிபதிப் பதவியிலிருந்து ஓய்வு பெற்ற அவர், ஒரு பெரிய வழக்கை நடத்தப் பாட்னா சென்றார். 1924 மே 25-ஆம் நாள் அங்கேயே காலமானார். அவர் உடலைக் கல்கத்தாவிற்குக் கொண்டு வந்தபோது மாநகரமே திரண்டு கண்ணீர் வடித்தது.

நாம் அறிய வேண்டுவது

இவ்வரலாற்றில் ஓர் ஐயம் எழலாம். பாலித் விதித்த நிபந்தனைகளை ஏற்றவர், அரசாங்கத்தின் நிபந்தனைகளை மட்டும் மறுத்தது ஏன்? கணக்குக் காட்டப் பயந்தா? அன்று என்று நாம் எண்ணுகிறோம். பாலித்தின் நிபந்தனைகள் ஆராய்ச்சி செய்வோருக்கு இடம் தேடித் தந்தன. எதனை ஆராய வேண்டும் என்பதை அவர்களிடமே விட்டன. அரசாங்கத்தின் நிபந்தனைகளோ வளர்ச்சியின் கடிவாளத்தை வேறொரு கையில் கொடுத்தன. கொடைச் சட்டத்தை ஆழ்ந்து கற்ற நீதிபதிக்கு இவ்விரண்டின் வேறுபாடு நன்கு தெரியும்.

நம் சங்கத்திற்கு நன்கொடை வழங்குவோரும் ஆண்டுதோறும் கணக்குக் கேட்கிறார்கள்; கேட்கத்தான் வேண்டும். ஆனால் நவராத்திரியில் இன்னார்தாம் பாட வேண்டும் என்று ஒரு நன்கொடையாளர் கட்டளையிட்டால் நாம் ஒப்புவோமா? விஞ்ஞானத்திற்கும் நீதி அதுவே. இன்று அரசாங்கம் நம்முடையது. ஆராய்ச்சிக்குச் செல்வது நம் வரிப்பணம். அதனைக் கேட்பது ஆராய்ச்சியாளரின் உரிமை. கணக்குக் கேட்பது மக்களின் உரிமை. ஆராயும் உரிமையோ அறிவுக்கே உரியது.

அடுத்த முறை பவானிப்பூரைக் கடக்கும்போது, பெற்றோர் தம் பிள்ளைகளுக்கு அப்பெயர்ப் பலகையைச் சுட்டிக் காட்டுவார்களாக. ஆராய்ச்சி செய்ய வாய்ப்பின்றி வழக்கறிஞரான ஓர் இளைஞர், நம் இராமனுக்கு அவ்வாய்ப்பைத் தேடித் தந்த கதையையும் உடன் சொல்வார்களாக.